குண்டடத்தில் ஏறிய பழனி மொட்டை

இரண்டாயிரத்து ஆறாம் வருடம், தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம் அது. குண்டடம் பஸ் ஸ்டாப்பில் காலை நேரத்தில் தலையில் ஒரு தொப்பியோடு நின்றுகொண்டிருந்தேன். அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. தொப்பி போட்டுக்கொண்டு பஸ் ஏறப்போவது அதுதான் முதல் தடவை.

எங்கள் பக்கத்தில் பெண்கள் தொப்பி போடுகிறார்கள் என்றால் அதற்கு மூன்றே காரணங்கள்தான். பனியன் கம்பெனியைப் பார்க்க, சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் வரும் நாளில் எல்லோர் தலையிலும் ஒன்றை மாட்டிவிடுவார்கள். ஊட்டிக்கு டூர் போனால் போட்டோவுக்காகப் போடுவார்கள். இல்லையென்றால் பழனிக்குப் போய் மொட்டை போட்டிருப்பார்கள். நான் இந்த மூன்றிலும் சேர்த்தி இல்லை. மார்பில் கட்டி வந்து, கோவையில் ஆபரேஷன் முடிந்து, அதற்கப்புறம் ஏற்றிய மருந்தில் முடி மொத்தமும் கொட்டிவிட்டிருந்தது.

நான் அருள்புரத்தில் ஒரு கம்பெனியில் டெய்லர். ஏற்றுமதிக்காக எத்தனையோ தொப்பிகள் தைத்திருக்கிறேன். இதையெல்லாம் யார் மாட்டிக்கொண்டு திரிவார்கள் என்று மிஷினில் உட்கார்ந்தபடி கேலியும் பேசியிருக்கிறேன். அன்று என் தலையில் இருந்தது அதே ஆர்டரில் பழுதென்று கழித்துப்போட்ட ஒரு பீஸ்தான். சாம்பல் நிறம், உச்சியில் நூல் குஞ்சம். பக்கத்து மிஷின்காரி கொண்டுவந்து கொடுத்தாள். சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் முக்காடு போட்டால் யார் ஊட்டில் எழவு என்று கேட்பார்கள்.

கம்பெனியில் நல்லவிதமாகத்தான் சொல்லியிருந்தார்கள். உடம்பு முடிந்தால் திங்கட்கிழமையிலிருந்து வா, லைனில் உன் இடம் அப்படியே இருக்கிறது என்றார்கள். உடம்பு முடிந்தது. மனசுதான் முடியவில்லை. கம்பெனி வேனில் ஏறினால் எல்லாம் தெரிந்த முகங்கள், ஆளுக்கொரு தடவை உச்சுக்கொட்டுவார்கள். அதனால்தான் பஸ். வழியில் ஒரே ஒரு ஆள் என்னைப் பார்த்து ‘ஐயோ’ என்று சொன்னாலும் அங்கேயே இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிடுவது, அதற்குமேல் வேலை என்ற பேச்சே எடுப்பதில்லை என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன். ஸ்டாப்பில் கொண்டுவந்து விட்ட என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரும் பின்னாலேயே பஸ்ஸில் ஏறியிருப்பார்.

வந்தது பழனியிலிருந்து தாராபுரம் வழியாகத் திருப்பூர் போகிற பஸ். ஏறிப் பார்த்தால் பாதி பஸ் மொட்டை. ஆண், பெண், கைக்குழந்தை என்று எல்லாத் தலையிலும் சந்தனம். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கண்டக்டரிடம் அருள்புரத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரும் மொட்டைதான். மடியில் பஞ்சாமிர்த டப்பாக்கள் வைத்த மஞ்சள் பை. என்னைத் திரும்பிப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முன் சீட்டில் ஒரு பெண், தன் குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள். குழந்தைக்கும் அன்றுதான் மொட்டை போட்டிருந்தார்கள் போல. அதற்கு என் தொப்பியின் குஞ்சம் பிடித்துப்போய்விட்டது. நானும் சிரித்துக்கொண்டே தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டினேன். என் புத்தியை என்ன சொல்ல? எட்டி ஒரே இழு. தொப்பி அதன் கைக்குப் போய்விட்டது.

மழித்த தலைக்கும் கொட்டிய தலைக்கும் வித்தியாசம் தெரியும். மழித்த தலையில் பச்சையாக முடியின் தடம் இருக்கும். என் தலையில் அங்கங்கே பூனைமுடி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. குழந்தையின் அம்மா திரும்பினாள். கை வாய்க்குப் போனது.

“ஐயோ, என்னாச்சுங்...”

நான் எழுந்துவிட்டேன். தொப்பியைக்கூடத் திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை, எப்படியாவது இறங்கினால் போதும் என்றிருந்தது. பக்கத்தில் இருந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தார். பிடி நல்ல கெட்டி.

“என்னாச்சு? பழனி மொட்டைங்க. எங்கூடத்தான் வந்துச்சு” என்றார், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி.

அந்தப் பெண்ணின் கணவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றிருந்தார். “அப்படிங்களா? எங்கீங்க எடுத்தீங்க? சந்தனமே காணோமுங்களே” என்று என்னைக் கேட்டார். பழனியைக் கண்ணால்கூடப் பார்த்திராதவள் நான். பரம்பரையாகக் கிறிஸ்தவக் குடும்பம், எங்கள் சபையில் மொட்டை போடுகிற வழக்கமே கிடையாது.

“அடிவாரத்துலதானுங்க. தொப்பி போட்டதுல சந்தனமெல்லாம் அழிஞ்சு போச்சு” என்று அந்த அம்மாவே பதில் சொன்னார்.

அப்போதுதான் கவனித்தேன், கண்டக்டர் எங்கள் சீட்டுக்கு அருகிலேயே நிற்கிறார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் குண்டடத்தில் ஏறிய எனக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர். அவர் என்னைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு அந்தக் கணவரின் தோளைத் தட்டி, “பழனிக்காரங்கள நின்னு பேசவுட்டா நான் எப்படிங்க டிக்கெட் போடறது? உள்ள போங்க” என்று அவரை நகர்த்திக்கொண்டு போய்விட்டார்.

அந்த அம்மா பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளங்கையில் சந்தனத்தைப் போட்டு, பாட்டில் தண்ணீரில் குழைத்தார். என் கழுத்துச் சங்கிலியில் சிலுவை டாலர் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு என் காதருகே, “சாமி ஒண்ணும் கோவிச்சுக்காதுங்க கண்ணு” என்றார். எந்தச் சாமி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தலை முழுக்கப் பூசிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வெளியே இன்னொருவர் கை என் தலையில் பட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் வலிக்குமோ என்று பயந்து தொடவே மாட்டார். சந்தனம் சில்லென்று இறங்கியது. எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை.

குழந்தையின் அம்மா தொப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது, அந்த அம்மாவே வாங்கி என் மடியில் வைத்தார். “காயட்டுமுங்க, அப்பறமாப் போட்டுக்குவா.” அப்படியே வெறும் தலையோடு, அத்தனை மொட்டைகளுக்கு நடுவில் நானும் ஒரு மொட்டையாக, ஜன்னல் காற்றில் உட்கார்ந்து வந்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பாட்டி மட்டும் பின்னாலிருந்து கொஞ்சம் பஞ்சாமிர்தம் நீட்டினார், நக்கிச் சாப்பிட்டேன்.

பல்லடம் வந்தது. அந்த அம்மா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். “உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?” என்று கேட்டேன்.

கட்டை விரலால் என் புருவம் இருக்க வேண்டிய இடத்தை மெதுவாகத் தடவினார். “பழனியில புருவத்த எடுக்கமாட்டாங்க கண்ணு” என்றார். “எம்மகளுக்கும் எல்லாம் கொட்டிப் போச்சு. மொதல்ல புருவந்தான் வந்துச்சு. அதுக்குத்தான் இந்த மொட்ட. உனக்கும் வந்துரும், வேலைக்குப் போ.”

இறங்கிக் கூட்டத்தில் போய்விட்டார். ஊர் எது, பெயர் என்ன, ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. திரும்பி வீட்டுக்குப் போவதென்றால் நானும் பல்லடத்தில்தான் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அருள்புரத்தில் இறங்கி, தொப்பியைக் கையில் பிடித்தபடி கம்பெனி கேட்டுக்குள் போனேன். புதிதாக வந்திருந்த வாட்ச்மேன், “பழனிங்களா?” என்று கேட்டார். “ஆமாங்க” என்று சொல்லிவிட்டுப் போய் என் மிஷினில் உட்கார்ந்தேன். சாயங்காலம் சந்தனத் தலையோடு வீடு திரும்பியதைப் பார்த்து என் வீட்டுக்காரர் முழித்த முழியை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். ஆண்டவர் எனக்குச் செய்த நன்மை என்று ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து சொல்ல வேண்டிய சாட்சிதான் அது, ஆனால் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

அந்த அம்மா சொன்னபடியே புருவம்தான் முதலில் வந்தது. இப்போது வகிடு எடுத்துச் சீவுகிற அளவுக்கு முடி இருக்கிறது, நரையும் கலந்து. பஸ்ஸில் தொப்பி போட்ட பெண் யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் புருவத்துக்குத்தான் போகும். புருவம் இல்லையென்றால், இடம் இருக்கிறதோ இல்லையோ, பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். நான் இன்றுவரை பழனிக்குப் போனதில்லை. ஆனால் அந்தப் பெண்ணைப் பார்த்து யாராவது வாயைத் திறந்தால், அவள் என்னோடுதான் பழனியிலிருந்து வருகிறாள்.