காவற்காரர் கொத்திக் கொடுத்த கத்தரிப் பாத்தி

தோழிகளே, இன்று மாலை நான் தங்கத் திருடியாக இருந்தேன்.

துவரை மாரை, அதாவது காய்ந்த துவரைக் குச்சிகளை, குழியில் எரித்து, சாம்பலாகும் முன் தண்ணீர் ஊற்றி அணைத்து, அந்தக் கரியைப் பதினைந்து நாள் கோமியத்தில் ஊறவைத்திருந்தேன். கத்தரி நடுவதற்காக அதைப் பாத்தியில் போட்டு மூடும்போது, அப்பா வேலை செய்யும் தங்கச் சுரங்கத்துக் காவற்காரர் வேலியருகே வந்து நின்றார்.

"இன்னாம்மா பொதைக்கிறே? சுரங்கத்துத் தங்கத் தூளா?"

"கரிண்ணே. மண்ணுக்கு நல்லது."

"கரிய அடுப்புல போடுவாங்க. யாருகிட்ட கதை வுடுறே? தொரைகிட்ட சொன்னா உங்கப்பா நாளைக்கு ஷிப்டுக்கு எறங்க முடியாது, தெரியுமா?"

"நீங்களே தோண்டிப் பாத்துக்கோங்க" என்று கடப்பாரையை நீட்டினேன்.

முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, ஒவ்வொரு கட்டியையும் உடைத்துத் தேடினார். ஒரு வாரமாக எனக்கு அசையாத கல்மண் பொலபொலவென்று கரியோடு கலந்தது.

"ஒண்ணும் இல்லியே" என்றார், வேர்வையைத் துடைத்தபடி.

"அந்த ஓரம் பாக்கலியேண்ணே."

அதையும் கொத்திப் பார்த்துவிட்டுத்தான் போனார். அப்பாவின் வேலைக்கு ஆபத்தில்லை; நாற்றும் நட்டாயிற்று.

உங்கள் தோட்டத்திலும் மண் இறுகிக் கிடந்தால் எழுதுங்கள். காவற்காரருக்கு உங்கள்மேல் சந்தேகம் வரும்படி ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறேன்.