நல்ல பனி, அப்பா!

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகள் ஸ்ருதி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அடுத்த மாதம் பிரான்ஸ் போகிறாள் – ஒரு செமஸ்டர் படிக்க. என் மகள் மீனா ஏற்கெனவே ஃபின்லாந்தில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வந்தவள். கேட்க வேண்டுமா? எங்கள் குடும்பத்தில் வெளியுறவுத் துறை இப்போது அவள் கையில்தான்.

"என்னெல்லாம் கொண்டு போணும் மீனாக்கா?"

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். பழவங்காடிக் கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி மீனாவுக்கு நான் வாங்கிக்கொடுத்த ஸ்வெட்டராவது பட்டியலில் வராதா என்ற நப்பாசை!

"தெர்மாமீட்டர்" என்றாள் மீனா. "பின்னே, வீட்டுக்கு மெசேஜ் போடும்போ காய்ச்சல்னு எழுது, கேட்டியா? பனின்னு மட்டும் எழுதிராதே."

ஸ்ருதி சிரித்தாள். எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. "ஏன்? பனின்னு எழுதினா என்ன?"

மீனா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஒண்ணுமில்லேப்பா... விடுங்க."

விடுவேனா?

திருவனந்தபுரத்துத் தமிழ் எப்படி என்று உங்களுக்குத் தெரியும் – பாதிக்குப் பாதி மலையாளம். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். நானும் மனைவியும் காய்ச்சல் என்போம். இங்கேயே பள்ளிக்கூடம் போன மீனாவுக்குச் சின்ன வயதிலிருந்தே அது பனிதான்.

இத்தனையும் தெரிந்த மனுஷன்தான் நான்; பத்திரிகைகளில் கதை எழுதுகிறவன் வேறு. ஆனால் ஃபின்லாந்து என்ற பெயர் கண்ணை மறைத்துவிட்டதே! அவள் போன நாள் முதல் "ஸ்நோ விழுந்துதா, ஸ்நோ விழுந்துதா" என்று ஃபோனில் நச்சரித்துக்கொண்டிருந்தேன். பொன்முடி மலையில் மூடுபனி பார்த்ததோடு சரி, வேறு என்ன கண்டேன்?

ஒருநாள் அவளிடமிருந்து மெசேஜ்: "நேத்து முதல் நல்ல பனி, அப்பா. கிளாஸுக்குப் போகலை."

துள்ளிக் குதித்தேன். "ஆஹா! கொடுத்து வைத்தவள்! வெளியே போய் ஆசை தீர விளையாடு. போட்டோ அனுப்பு!" என்று பதில் போட்டேன். கூடவே நாலு கைதட்டல் பொம்மை வேறு...

பிள்ளை அப்போது நூற்று மூன்று டிகிரி காய்ச்சலில், இரண்டு கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்திருக்கிறாள். இது எனக்குத் தெரிய வந்தது – போன ஞாயிற்றுக்கிழமை!

"பெரிய எழுத்தாளர்!" என்றாள் என் மனைவி.

"நீ உடனே ஃபோன் பண்ணியிருக்கலாமேம்மா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"முதல்ல அழுகை வந்துது. அப்பா கிண்டல் பண்றாரோன்னு நினைச்சேன். திரும்பப் படிச்சப்போதான் மனசிலாச்சு, நீங்க ஸ்நோன்னு நினைச்சிருக்கீங்கன்னு. சிரிச்சு சிரிச்சு இருமலே வந்துருச்சு."

"அப்பவாவது சொல்ல வேண்டாமா?"

"சொன்னா அம்மா அழுதுட்டே இருப்பா, நீங்க சாப்பிட மாட்டீங்க. இங்க இருந்துட்டு நீங்க என்ன செய்ய முடியும்? அடுத்த ரூம் பெண்ணு மாத்திரை தந்தா. நானே எழுந்து கஞ்சி வெச்சுக் குடிச்சேன். குழப்பமில்லேப்பா, எல்லாம் சரியாப் போச்சு."

எனக்குத் திடீரென்று உறைத்தது. "அப்போ அந்தப் போட்டோ?"

நாலைந்து நாள் கழித்துப் போட்டோ வந்ததே! வெள்ளை வெளேரென்று பனி, நடுவில் மீனா, சிவந்த மூக்கு, முகம் நிறையச் சிரிப்பு. ஆபீஸில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் காட்டினேன்.

"பனி மாறி உடம்பு சரியான மறுநாள் வெளியே போய் எடுத்தேன். நீங்க ஆசையா கேட்டீங்கல்லே?"

வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனுஷன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, "தனியாகச் சமாளிப்பாளா?" என்று நாம் இங்கே கவலைப்படுகிறோம். அவர்களோ, நம்மையும் சேர்த்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள்... நமக்குத் தெரியாமலே.

ஸ்ருதி கிளம்பிப் போனதும் மீனாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன்.

"என்னப்பா? எனக்கு இப்ப ஒண்ணுமில்லையே!"

எட்டு மாதம் லேட்டாகத் தொட்டால் சுடுமா என்ன?