சான்சிபாரில் விட்டுவந்த ஆட்டுக்கல்

டெக்ஸஸில் கேட்டி என்ற ஊரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அங்கிள் இருந்தார். அப்பாவோடு ஒரே கம்பெனியில் வேலை. எங்கே டூர் போனாலும் கேம்கார்டரைக் கண்ணைவிட்டு எடுக்கமாட்டார். திரும்பி வந்ததும் தெரிந்த தமிழ்க் குடும்பங்களையெல்லாம் கூப்பிட்டு, எடுத்தது அத்தனையையும் டிவியில் போட்டுக் காட்டுவார். அந்த வீட்டு ஆன்ட்டியின் பிரியாணிக்காக நாங்கள் நயாகராவைப் பலமுறை பார்த்திருக்கிறோம்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அவர் சிங்கம், யானை பார்க்க ஆப்பிரிக்கா போனார். கடைசியில் சான்சிபார் தீவிலும் சில நாள் தங்கினார் என்று கேள்விப்பட்டதிலிருந்து, எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பெரியம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பெரியப்பா அந்தத் தீவில்தான் கணக்கு வாத்தியாராக இருந்தார். கல்யாணமான கையோடு நாமக்கல்லிலிருந்து பெரியம்மாவை அழைத்துப் போனவர். பழைய நகரத்தின் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தே இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. பிள்ளை இல்லை. ஊரில் இருந்த பங்கு நிலமும் எப்போதோ கைமாறியிருந்தது. வீட்டுக்காரர் ரிப்பேர் வேலை பார்க்கிறார், முடிந்ததும் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் பெரியப்பா அவளை எங்களிடம் கூட்டிவந்திருந்தார். விசிட்டர் விசா முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

திரும்பிப்போகும் பெட்டியை அவள் வந்த புதிதிலேயே கட்ட ஆரம்பித்துவிட்டாள். பூப்போட்ட நைட்டி, ஃப்ளாஸ்க், மூட்டுவலித் தைலம் என்று அதில் பாதி கீழ்வீட்டு அக்காவுக்கு. அந்த அக்கா சான்சிபார்க்காரி. பெரியம்மா கப்பலில் கொண்டுபோன ஆட்டுக்கல் கீழே பொது முற்றத்தில் கிடந்தது. காலையில் பெரியம்மா இட்லிக்கு ஆட்டி முடித்ததும் அந்த அக்கா தட்டைப்பயறு ஆட்டி, வடை சுட்டுச் சந்தில் விற்பாள்.

“நான் ஆட்டுனா அவ தள்ளி உடுவா, அவ ஆட்டுனா நான் தள்ளி உடுவேன்” என்பாள் பெரியம்மா. அம்மாவின் மிக்ஸியில் அரைத்த மாவை அவள் ஒரு மாவாகவே மதித்ததில்லை.

வீடியோவில் மிருகங்களெல்லாம் ஒருவழியாக நடந்து முடிந்து, கடல் வந்தது. குறுகலான சந்துகள், பித்தளைக் குமிழ் பதித்த பெரிய கதவுகள். பெரியம்மா சோபாவின் நுனிக்கு வந்துவிட்டாள். ஒரு கதவுக்குள் கேமரா நுழைந்தது. வெள்ளையடித்த முற்றம், குடைகளுக்குக் கீழே கால்நீட்டிப் படுத்திருக்கும் வெள்ளைக்காரர்கள், நடுவில் ஒரு கல். அதன் குழியில் தண்ணீர் நிரப்பிச் செம்பருத்தியை மிதக்கவிட்டிருந்தார்கள்.

“இதான் நாங்க ஸ்டே பண்ணின ஹோட்டல். அந்த ஸ்டோன் ரொம்பப் பழைய ஆப்பிரிக்கன் ஆன்டிக்காம். கைடு எக்ஸ்ப்ளெய்ன் பண்ணினான்” என்றார் அங்கிள்.

“அது எங்கூட்டு ஆட்டாங்கல்லுங்க” என்றாள் பெரியம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். இட்லி தின்று வளர்ந்தவர்கள்தான் அந்த அறையில் அத்தனை பேரும். ஒருவருக்கும் அதுவரை அது ஆட்டுக்கல் என்று தோன்றவில்லை.

“வெளிம்புல ஒரு பக்கம் பேந்திருக்கும் பாருங்க. கப்பல்ல இருந்து எறக்கையில பேந்தது.”

அங்கிள் ரிமோட்டை அழுத்தினார். படம் நடுங்கிக்கொண்டே நின்றது. விளிம்பு பெயர்ந்துதான் இருந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது.

“அந்தச் சந்துல ஒரு அக்கா வடை சுட்டு விப்பாளே, பாத்தீங்களா?”

“லோக்கல் பீப்பிள் யாரும் அங்க இல்லையே அண்ணி. தெரு ஃபுல்லா ஹோட்டல், கிஃப்ட் ஷாப்தான். குடியிருந்தவங்கள எல்லாம் ஊருக்கு வெளிய மூவ் பண்ணிட்டாங்களாம். இப்ப ரொம்ப க்ளீனா இருக்கு.”

பெரியம்மா திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் கார்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊட்ட வித்துப்போட்டாங்களா?”

“நாம பொறப்படறதுக்கு முன்னாலயே. உங்கிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல.”

பிரியாணி ஆறிவிடும் என்று ஆன்ட்டி சொன்னதும் எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது. எழுந்து தட்டை எடுத்துக்கொண்டார்கள். பெரியம்மா மட்டும் அணைத்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. கூப்பிட வெட்கமாக இருந்திருக்கும்.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அவள் பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்திருந்தாள். நைட்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். ஃப்ளாஸ்க் எனக்கு.

“ஸோ, யூ ஆர் ஸ்டேயிங்?” என்று கேட்டேன்.

என் டெக்ஸஸ் இங்கிலீஷ் அவளுக்கு எப்போதும் பிடிபடாது. என் கன்னத்தைத் தட்டிவிட்டுத் தலையாட்டினாள்.

பெட்டியைக் கட்டினால் போகிறார்கள், பிரித்தால் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஃப்ளாஸ்க்கில் ஆரஞ்சு ஜூஸை நிரப்பிக்கொண்டு, எங்கள் பெரியம்மா இனி எங்கேயும் போகமாட்டாள் என்று ஸ்கூல் பஸ் முழுக்கச் சொன்னேன். அவளுக்குப் போக ஊரில்லாமல் போனதைத்தான் அப்படிக் கொண்டாடியிருக்கிறேன். விசா முடிந்து, நாமக்கல்லில் யாரோ ஒருவர் வீட்டு வாடகை அறைக்கு அவர்கள் கிளம்பிய அன்று, அந்தப் பெட்டியை என்னால்கூடத் தூக்கியிருக்க முடியும். ஆனால் நான் தூக்கிக்கொடுக்கவில்லை. இருப்பதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டாள் என்று கோபித்துக்கொண்டு, கார் கிளம்பும்வரை அறைக்கதவைத் திறக்கவேயில்லை.