வரிசையில் நிற்காத ஆடுகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஓர் உடுப்புக்கொடியைத் தேடி மலையேறினேன். சிரிக்காதீர்கள்... காரணம் இருக்கிறது.

நான் வரைபட அலுவலகத்தில் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். இப்போது என் மேசையில் ஜூரா மலைகளின் மேட்டுச் சமவெளிப் படம். ஆறில்லை, ஓடையில்லை. மழைத் தண்ணீரையெல்லாம் சுண்ணாம்புக்கல் குடித்துவிடுகிறது — நம் யாழ்ப்பாணத்தைத் தூக்கி மலைமேல் வைத்ததுபோல!

அங்கே புல்வெளி நடுவே ஒரு பண்ணை வீடு. பழைய வரைபடத்தில் அதற்குப் பெயர் உண்டு. புதிய வரைபடத்தில் பெயரை எடுத்துவிடச் சொன்னார் மேலாளர். விமானத்திலிருந்து எடுத்த படத்தில் வீட்டுக்குப் பாதை தெரியவில்லை, ஆகவே ஆளில்லையாம்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வீட்டின் பின்னால் வெள்ளைப் புள்ளிகள்.

"காயப்போட்ட உடுப்பு," என்றேன்.

"ஆடுகள்," என்றார் மேலாளர்.

"ஆடுகள் இவ்வளவு நேராக வரிசையில் நிற்குமா?"

"திங்கள் மத்தியானம் வரைபடம் அச்சுக்குப் போகிறது. அதற்குள் ஆதாரம் கொண்டுவாருங்கள்."

கொண்டுவருவது என்று முடிவெடுத்தேன். படத்தின் பிரதி, திசைகாட்டி, இடியப்பப் பார்சல். துணைக்கு, ஓஸ்டர்முண்டிகன் ஊரில் என்னோடு குடியிருக்கும் செல்வி அக்கா.

"உனக்கென்ன விசரோ? லீவு நாளிலை ஆரோ ஒராளின்ரை உடுப்பைப் பார்க்கப் போறம்!"

வீடு இருந்தது. கொடியும் இருந்தது. உடுப்பு? ஒன்றுகூட இல்லை.

"ஆடுதான் போலை," என்றார் அக்கா.

விடவில்லை. கதவைத் தட்டினேன். ஏப்ரன் கட்டிய ஒரு பெண் திறந்தார். அரைகுறைப் பிரெஞ்சில், "கொடியில் ஏன் உடுப்பில்லை?" என்று கேட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமையிலா! இந்த நாட்டில் யார் ஞாயிறில் காயப்போடுவார்கள்?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். ஞாயிறில் உடுப்புக் காயப்போட்டு, எங்கள் கட்டடத்துப் பராமரிப்பாளரிடம் ஏச்சு வாங்கியவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தானே!

படத்திலிருந்து பெயர் போகப்போகிறது என்றதும் அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றது. மாடு கன்று போட முடியாமல் தவித்தால், புதிதாக வந்திருக்கும் மிருக வைத்தியர் எதைப் பார்த்து வருவார் என்று கேட்டார். பாதை ஏன் இல்லை என்று கேட்டேன். அவர்கள் புல்லுக்கு மேலாலேயே போய்வருகிறார்களாம்!

அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு இறங்கினோம்.

திங்கள் காலை மேலாளரின் மேசையில் எண்ணை வைத்தேன். டயலைச் சுழற்றினார். மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது: "சீக்கிரம் சொல்லுங்கள்... கொடியில் பாதி உடுப்புத்தான் போட்டிருக்கிறேன்!"

பெயர் படத்தில் அப்படியே இருக்கிறது. ஆடுகளைத்தான் காணவில்லை.