ஏகாம்பரம் அண்ணன் தட்டிய மடவைச் சீட்டு

பொன்னேரியில் நண்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது ஏகாம்பரம் அண்ணன் மகள் கமலாவின் போன் வந்தது. "சித்தப்பா, நைனா போயிட்டாரு" என்றாள். கூடையை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். பேரத்தைப் பாதியில் விட்டு எழுகிற ஆள் இல்லை நான்.

லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் மீன் வாங்கிய உங்களுக்கு, ஏலம் விடும் ஏகாம்பரம் அண்ணனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எதிர்க்காற்றிலும் அவர் குரல் கடைசிப் படகு வரை கேட்கும். மீன் வியாபாரத்துக்கு நான் புதிதாக வந்தபோது, "அண்ணே, நமக்குக் கொஞ்சம் பாத்து முடிச்சி வுடு" என்று அவர் காதோரம் சொல்லிப் பார்த்தேன். கூட்டத்துக்கே கேட்கும்படி பதில் வந்தது: "நான் பாக்கறது மீன, உன் மூஞ்சிய இல்ல!"

ஏலம் விடுகிறவர் ஏலம் கேட்கக் கூடாது என்பது கரை வழக்கம். எத்தனையோ மீனைக் கை மாற்றிவிட்டவர், ஒன்றைக்கூட "எனக்கு" என்று கேட்டதில்லை.

தொண்டையில் புற்று வந்து ஆபரேஷன் ஆனது. உயிர் மிஞ்சியது, குரல் போய்விட்டது. கரைக்கு வருவதை நிறுத்தினார். நாங்கள் வீட்டுக்குப் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். "இப்டியே வுட்டா நைனா நமக்கு இல்ல" என்று கமலா அழுதாள்.

சென்னையில் ஜப்பான்காரர் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள்தான் ஒரு சீட்டாட்டத்தைக் கொண்டுவந்தாள். ஜப்பானில் ஒருவர் பாட்டின் முதல் பாதியைப் படிப்பாராம். மறுபாதி எழுதிய சீட்டு தரையில் கிடக்கும். முதலில் தட்டியவருக்கு அது சொந்தம். கமலா பாட்டுக்குப் பதில் மீனை வைத்தாள். மீன்மேல் மை தடவித் தாளை ஒற்றி எடுப்பதும் அந்த ஊர்க் கலைதானாம். மடவையும் கொடுவாவும் செதில் செதிலாகப் பதிந்தன. நண்டு மட்டும் வெறும் கறையாக வந்தது.

"காசு வெக்காத சீட்ட எவன் ஆடுவான்?" என்றேன்.

"நீ பேரச் சொல்லிக் கூவு சித்தப்பா, போதும்."

மீன்பிடித் தடைக்காலம் அது. படகெல்லாம் கரையில் கிடந்தன. அண்ணன் வீட்டு வாசலில் சீட்டைப் பரப்பிக் கூவினேன். என் குரலைக் கேட்கச் சகிக்காமலோ என்னவோ, அவர் எழுந்து வந்து உட்கார்ந்தார்.

"கொடுவா!"

பட்டென்று அடித்தார். "யோவ் பெருசு, இது இன்னா கையா, உலக்கையா?" என்று அலறினார் படகுக்கார மணி. அண்ணன் சீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் வேண்டியிருந்தது. அவர் கைக்குப் பக்கத்தில் கிடக்கும் சீட்டாகப் பார்த்துக் கூவ ஆரம்பித்தேன். மூன்றாவது சீட்டை என் மடியிலேயே வீசினார். என் கண்ணைக் காட்டினார், சீட்டைக் காட்டினார், தோளைப் பிடித்து என்னைக் கடல் பக்கம் திருப்பி உட்காரவைத்தார். அந்தப் பழைய பதிலே மறுபடி காதில் விழுந்த மாதிரி இருந்தது.

கடலைப் பார்த்தபடி கூவினேன்: "மடவை!"

திரும்பிப் பார்த்தேன். நாலு கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக. அடியில் இருந்தது அவர் கை.

மறுநாள் சட்டைப்பையில் சீட்டுக்கட்டோடு அவரே கரைக்கு வந்தார். படுக்கையில் விழும்வரை வந்தார்.

ஆட்டம் இன்னும் நடக்கிறது. கூவுவது நான்தான். என் தராசை நம்பாதவர்கள் உங்களில் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் சீட்டுக்கு முதுகைக் காட்டிக் கூவும்போது என்னை யாரும் சந்தேகித்ததில்லை. அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.