நாலேகால் மணிக்கு வருபவர்

பழைய மழைக்கோட்டை மண்ணில் விரித்து, அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, ஊசியக்கா ஒரு குளவியிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். "அசையாதீங்க... ஒரே செகண்ட்... தோ, முடிஞ்சுது." குளவி அசைகிறது. "இருங்கன்னா இருக்கவே மாட்டீங்களே!" என்று அலுத்துக்கொள்கிறார். அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பின்னால், தண்ணீர் மோட்டார் அறையை ஒட்டிய காலி மனை அது. ஏதோ பெரிய கட்டடம் வரப்போகிறது என்று சொல்லிச் சொல்லியே பதினொரு வருடம் ஓடிவிட்டது, புதர்தான் வந்திருக்கிறது. மொட்டை மாடியில் துணி காயப்போட வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "அக்கா இன்னைக்கு யாருக்கு ரத்தம் எடுக்குது?" என்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

ரத்தம் எடுப்பதுதான் அவருக்கு வேலை. பரிசோதனைக் கூடத்தின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காலை ஐந்தரைக்குக் கிளம்பினால், பத்து மணிக்குள் பதினைந்து வீட்டுக் கைகளைப் பார்த்துவிடுவார். நரம்பே அகப்படாத கை என்று மற்றவர்கள் விட்டுவிட்டுப் போன கையில்கூட முதல் குத்திலேயே எடுத்துவிடுவார். அதனால்தான் அந்தப் பெயர். சின்னவர், பெரியவர், பூச்சி, பறவை, யாராக இருந்தாலும் அவருக்கு 'நீங்க'தான். செண்பகப் பறவையிடம்கூட, "வெறும் வயித்துலயா இருக்கீங்க? சாப்பிட்டுட்டு வாங்க, நான் எங்க போகப்போறேன்" என்று பேசியதைக் கேட்டவர்கள் உண்டு.

கேமரா, மூடப்போகும் ஒரு கல்யாண ஸ்டூடியோவில் வாங்கியது. ஆயிரம் மாப்பிள்ளைகளைப் பார்த்துச் சலித்த லென்ஸ் இப்போது ஓணானின் கண்ணிமையைப் பார்க்கிறது. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "நம்ம கல்யாண ஆல்பத்துல என் தலை பாதிதான் இருக்கு. இவ பல்லியை வாலோட முழுசா எடுக்கறா" என்பது அவருடைய நிரந்தரப் புகார். ஆனால் தட்டான் உட்காரட்டும் என்று பால்கனியில் ஒரு குச்சியை நட்டு வைத்தது அவர்தான்.

அக்காவுக்கு ஒரு வெறி உண்டு, பெயர் எழுதும் வெறி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு ரத்தக் குழாய்கள் மாறிப்போய், நோயே இல்லாத ஒரு அம்மா நாலு நாள் அழுதிருக்கிறார். அன்றிலிருந்து குழாயில் பெயர், வயது, மணி எழுதாமல் அடுத்த அடி எடுத்து வைக்கமாட்டார். படங்களுக்கும் அதே சட்டம்தான். தேன்சிட்டு, கொய்யா மரம், பி பிளாக், காலை 10.50. சாரைப்பாம்பு, மோட்டார் அறைப் படிக்கட்டு, மாலை 5.05. "எழுதாம விட்டா அது வெறும் படம். எழுதினாத்தான் சாட்சி" என்பார்.

எழுதி, குடியிருப்பின் வாட்சப் குழுவில் போடுவார். கைதட்டல், பூங்கொத்து, 'சூப்பர் அக்கா' எல்லாம் வரிசையாக வந்து விழும். முதலில் விழுவது எப்போதும் மூன்றாம் மாடி ரிட்டயர்டு மேனேஜருடையது. "அருமை அம்மா. எங்கே எடுத்தாய்?" எழுதியிருப்பதைப் படிக்காமலேயே கேட்பார். அக்கா சலிக்காமல் பதில் போடுவார். தன் படத்தை உட்கார்ந்து பார்க்க ஒரு மனிதராவது இருக்கிறாரே என்ற சந்தோஷம் அவருக்கு.

அந்தக் காலி மனையில் ஒரு உடும்பு இருந்தது. ஆள் முழங்கை நீளத்துக்கு உடம்பு, அதற்கு மேல் வால், முன்னங்காலில் ஒரு விரல் இல்லை. அக்கா அதற்கு வைத்த பெயர் 'பெரியவர்'. மோட்டார் அறையின் மேற்குச் சுவரில் நாலேகால் மணிக்கு வெயில் விழும். நாலேகாலுக்குப் பெரியவர் வந்து படுப்பார். முதல் வருடம் நாற்பது அடி தூரத்தில் ஆள் அரவம் கேட்டாலே புதருக்குள் பாய்ந்துவிடுவார். அக்கா தினம் அரை அடி, ஒரு அடி என்று நகர்ந்தார். எறும்பு கடித்தாலும் சொறிந்துகொள்ளாமல் படுத்துக் கிடந்தார். இரண்டாவது வருடக் கடைசியில் ஐந்தடி தூரத்தில் அக்கா இருக்க, பெரியவர் நாக்கை நீட்டி அவரை ஒருமுறை மோப்பம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடித் தூங்கினார். அந்தப் படத்தைக் காட்டும்போது அக்காவின் குரல் இறங்கிவிடும். "என்னை நம்பித் தூங்குனாருங்க. பெத்த பொண்ணு அப்படித் தூங்கி எவ்வளவு வருஷம் ஆச்சு!"

போன வருடம் திடீரென்று பெரியவரைக் காணோம். எட்டு நாள் அக்கா சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தார். தோல் உரிக்க எங்காவது ஒதுங்கியிருப்பார் என்று வீட்டுக்காரர் ஆறுதல் சொன்னார். ஒன்பதாம் நாள் காலை, மேனேஜருக்குச் சர்க்கரை பார்க்கும் முறை.

"வெறும் வயித்துலதானே இருக்கீங்க சார்?"

"பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலம்மா." ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பிடித்து, ஊசி உள்ளே போன பிறகு அவர் சொன்னார்: "உனக்கு ஒரு நன்றி சொல்லணும்மா."

"எதுக்கு சார்?"

"என் முழங்கால் வலிக்கு உடும்புதான் மருந்துன்னு ஒருத்தன் ரொம்ப நாளா சொல்லிட்டே இருந்தான். நான் எங்க போய்த் தேடறது? அன்னைக்குத்தான் உன் போட்டோவுக்குக் கீழ படிச்சுப் பாத்தேன், இடம், மணி எல்லாம் போட்டிருக்கே! ரெண்டு ஆளை வரச் சொன்னேன். நாலேகாலுக்கு டாண்ணு வந்துடுச்சாம்."

குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு கேட்டார். "ஓடலையா சார்?"

"எங்க ஓடுச்சு? கிட்டப் போனா திரும்பிப் பாத்துட்டு அப்படியே படுத்திருந்துச்சாம். கோணியைப் போடற வரைக்கும் அசையலையாம். போட்டோ எடுக்க வந்திருக்காங்கன்னு நெனச்சுது போல!" அவர் குலுங்கிச் சிரித்தார்.

"கையை ஆட்டாதீங்க சார்" என்றார் அக்கா.

குழாய் நிறைந்தது. ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து, "அழுத்திப் பிடிச்சுக்குங்க" என்றார். பெயர் எழுதினார், வயது எழுதினார், 6.20 என்று மணி எழுதினார். பையை மூடிவிட்டுக் கேட்டார். "இப்ப வலி எப்படி சார் இருக்கு?"

"அது அப்படியேதாம்மா இருக்கு" என்றார் மேனேஜர், சாதாரணமாக.

இரண்டாம் மாடித் திருப்பத்தில், படியில் உட்கார்ந்துவிட்டார் அக்கா. அடுத்து ரத்தம் கொடுக்கக் காத்திருந்தவர் போன் மேல் போன் போட்டும் எடுக்கவில்லை. அந்த மனுஷன் கெட்டவரும் இல்லை என்பதுதான் பெரிய வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்தால் சாபம் விட்டாவது ஆற்றிக்கொள்ளலாம். நன்றி சொன்னவரை என்ன சொல்லித் திட்டுவது?

வீட்டுக்காரர் கொதித்தார். "வனத்துறைக்கு ஒரு புகார் எழுதிப் போடு. பிடிச்சவனை உள்ள வைக்கட்டும்."

"எழுதலாம். சாட்சி எங்கன்னு கேப்பாங்க. என் போட்டோவைத்தான் காட்டணும்."

"நீயா பிடிச்சே? அவனுங்க பிடிச்சதுக்கு நீ என்ன பண்ணுவே?"

"மனுஷங்க ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு ரெண்டு வருஷமா அவருக்குச் சொல்லிக்குடுத்தது யாரு? ஓடியிருப்பாருங்க. என்னாலதான் ஓடல."

அன்று வீட்டுக்காரர்தான் சமைத்தார், அக்கா சாப்பிடவில்லை.

குழுவில் இப்போது அக்காவின் படங்கள் வருவதில்லை. கேட்டால், "கேமரா ரிப்பேர்" என்கிறார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே சொல்கிறார். மேனேஜருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கப் போகிறார், முதல் குத்திலேயே எடுக்கிறார். "ஏம்மா, இப்பல்லாம் ஒண்ணும் போட மாட்டேங்கறே, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்" என்று அவர் ஒவ்வொரு முறையும் குறைபட்டுக்கொள்கிறார். படம் எடுப்பதை அக்கா விடவில்லை. குளவி, வண்டு, சிலந்தி என்று யாரும் தின்ன நினைக்காதவர்களாகப் பார்த்து எடுக்கிறார். எடுத்த படத்தில் ஒரு எழுத்துகூட எழுதுவதில்லை.

போன மாதம், அதே மேற்குச் சுவரில் ஒரு இளம் உடும்பு வர ஆரம்பித்தது. கை நீளம்கூட இல்லை, முதுகில் மஞ்சள் புள்ளிகள் இன்னும் மங்கவில்லை. இப்போது நாலு நாளாகத் தினமும், நாலேகாலுக்கு.

இன்று அக்கா கேமராவைக் கழற்றி மழைக்கோட்டின் மேல் வைத்துவிட்டு எழுந்து போனார். பத்தடி தூரத்தில் நின்றார். உடும்பு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது, ஓடவில்லை. கீழே கிடந்த கல் ஒன்றை எடுத்து, சுவரில் படும்படி எறிந்தார். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "ஐயோ, அக்காவா கல்லெறியறது!" என்று வாயில் கை வைத்துக்கொண்டார். கல் விழுந்த சத்தத்துக்கு உடும்பு ஒரு சாண் நகர்ந்தது. பிறகு மறுபடியும் வெயிலில் தலையை வைத்துக்கொண்டு, நாக்கை நீட்டி அக்காவின் பக்கம் மோப்பம் பிடித்தது.

"போங்களேன்" என்றார் அக்கா. அது போகவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து, முன்னதைவிடப் பெரிய கல்லாகப் பார்த்து எடுத்து, நடுங்காத அந்தக் கையால் இந்த முறை உடும்பையே குறிபார்த்தார்.