குணத்தைக் காப்பியடித்த கதை

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறேன். நாலு மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டு. வேலை நேரம் முழுக்க நானும் லீவரும்தான். ஒருமுறை, யாருக்கு என்ன குணம் என்று பார்க்க கம்பெனியில் எல்லோரையும் உட்காரவைத்துக் கேள்வித்தாள் கொடுத்தார்கள். 'கூட்டம் பிடிக்குமா, தனிமை பிடிக்குமா?' என்கிற மாதிரிக் கேள்விகள்.

உண்மையை எழுதினால் 'இவன் ஒரு மாதிரி' என்று நினைப்பார்களோ என்று பயம். பக்கத்தில் என் தோஸ்து. டீக்கடையில் அவன் பேச ஆரம்பித்தால் பாய்லர் சத்தமே கேட்காது. அவன் தாளைப் பார்த்து ஒரு டிக் விடாமல் போட்டேன். பள்ளிக்கூடத்தில் கணக்கைக் காப்பியடித்திருக்கிறேன். குணத்தை அடித்தது அதுதான் முதல் தடவை.

தாளில் இரண்டு பேரும் ஒன்றுதான்; சர்வீசில் நான் மூத்தவன் என்பதால் ஒரே மாதத்தில் என்னைச் சூப்பர்வைசராக்கினார்கள். நான் பிறவித் தலைவனாம். தினமும் காலையில் எல்லோர் முன்பும் நின்று பாதுகாப்பைப் பற்றிப் பேச வேண்டும். "ஹெல்மெட்..." என்று ஆரம்பிப்பேன்; அதற்குமேல் வராது, வயிறுதான் கலக்கும். டிரைவர்கள் சண்டையை விலக்கப் போய், இரண்டு பேரிடமும் நானே மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்புவேன். வீட்டுக்கு வந்ததும் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் மனைவி கதவைத் தட்டினாள். "யோவ், உள்ள இன்னா பண்ணிக்கினு கீற?"

"ஒண்ணுமில்ல. தனியா குந்திக்கினு கீறேன்."

"தனியா குந்தத்தான் கூண்டு குடுத்து, சம்பளமும் குடுத்தாங்களே! அத்த வுட்டுட்டு இங்க வந்து குந்திக்கினு கீறியே!"

மறுநாள் மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். "சார், அது என் குணம் இல்ல. பக்கத்து ஆளப் பாத்து எழுதுனது."

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இதுலகூடவா பிட்டு?"

தோஸ்து சூப்பர்வைசரானான். நான் கூண்டுக்குத் திரும்பினேன். அன்று மதியம் சாப்பிட்ட தயிர்சாதம் வெகுநாள் கழித்து வயிற்றில் பேசாமல் கிடந்தது.

அதன்பிறகு ஒரு தைரியம் வந்துவிட்டது. போன மாதம் கல்மண்டபத்தில் மச்சினி கல்யாணம். மச்சான் மைக்கை நீட்டி, "மாமா, நாலு வார்த்த பேசு" என்றான்.

"நம்மால ஆவாது மச்சான். அந்த ரசம் வாளியக் குடு."

மூன்று பந்தி பரிமாறினேன். "ரசம்?" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னைச் சமையல் ஆள் என்று நினைத்து, அப்பளம் நமுத்திருக்கிறது என்று திட்டினார். தலையை ஆட்டிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது.